புறோக்கர் கந்தப்பரும் இருமுகிற மோட்டார் சைக்கிளும்

அரியாலையில் கலியாணப் புறோக்கர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர் கந்தப்பர் ஒருவர்தான். மற்றவர்கள் சைக்கிளிலோ பஸ்ஸிலோ போவார்கள். படலையைத் தட்டுவார்கள். நாய் குரைத்து ஓய்ந்தபிறகு, ஒரு நல்ல இடம் வந்திருக்கிறது என்று தாழ்ந்த குரலில் சொல்வார்கள். கந்தப்பர் எந்த வீட்டுப் படலையையும் தட்டியதில்லை. அவர் ஒழுங்கைக்குள் திரும்பும்போதே அந்த ஒழுங்கையிலுள்ள குமர்ப்பிள்ளைகளின் தாய்மார் எல்லோரும் அடுப்பை விட்டு எழும்பிவிடுவார்கள்.

அந்த வண்டியும் லேசுப்பட்டதல்ல. இரண்டு சிலிண்டர், இரண்டு பேர் சாவகாசமாக இருக்கக்கூடிய அகலமான இருக்கை, பின்சக்கரத்தின் இருபக்கமும் பூட்டுப் போட்ட தகரப் பெட்டிகள். நெடுந்தூரப் பயணத்துக்கென்றே இங்கிலாந்தில் செய்தது. மலைநாட்டில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த ஒரு துரை, ஆட்சி மாறிய ஐம்பத்தாறாம் ஆண்டு, இனி இந்த நாடு தனக்குச் சரிவராது என்று கப்பலேறியபோது விற்றுவிட்டுப் போனது. பிறகு கண்டியில் ஒரு பறங்கியர், யாழ்ப்பாணத்தில் கோட்டு வழக்குப் பார்க்கிற ஒரு புறக்கிராசி என்று கைமாறிக் கடைசியில் கந்தப்பரிடம் வந்து சேர்ந்தது. துரை அதில் நுவரெலியாவிலிருந்து திருகோணமலை வரை போய் வருவாராம். கந்தப்பர் அரியாலையிலிருந்து சாவகச்சேரி வரை போய் வந்தார்.

துரை சாமான் வைத்த பெட்டிகளில் கந்தப்பர் சாதகங்களை வைத்தார். வலப்பக்கப் பெட்டியில் மாப்பிள்ளைமார், இடப்பக்கப் பெட்டியில் பெண்கள். இடப்பக்கம் எப்போதும் பாரமாக இருந்தபடியால் வண்டி கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்ந்தே ஓடும்.

ஒரு வீட்டுக்குப் போனால் கந்தப்பர் வண்டியைத்தான் நிறுத்துவார், இஞ்சினை நிறுத்தமாட்டார். நின்ற இடத்தில் அதை மெதுவாக ஓடவிட்டுக் கொண்டு இருக்கையிலேயே அமர்ந்திருப்பார். மெக்கானிக்குகள் இந்த ஓட்டத்துக்கு 'ஸ்லோ' என்று பெயர் வைத்திருந்தார்கள். நன்றாகப் படிக்கிற பிள்ளை வாய்ப்பாடு சொல்வது போல அது ஒரே தாளத்தில் ஓடும். வீட்டுக்காரர் வெளியே வந்து, பக்கத்து வீட்டார் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, எதிர்வீட்டுக்காரி சட்டி கழுவுவதை விட்டு நிமிர்ந்த பிறகுதான் இஞ்சினை அணைத்துவிட்டு இறங்குவார். அதற்குள் இந்த வீட்டுப் பெண்ணுக்குப் பெரிய இடம் பேசுகிறார்கள் என்று ஊர் முடிவு செய்துவிடும். ஊர் முடிவு செய்துவிட்டதே என்பதற்காக வீட்டுக்காரரும் சம்மதித்துவிடுவார். கந்தப்பரின் தொழில் இரகசியம் இவ்வளவுதான்.

எழுபத்துநான்காம் ஆண்டு அவருக்கு நல்ல காலம். வெளியிலிருந்து மிளகாயும் வெங்காயமும் வரக்கூடாது என்று அரசாங்கம் கதவைச் சாத்தியிருந்தது. வலிகாமத்திலும் தென்மராட்சியிலும் தோட்டக்காரர் கைகளில் என்றுமில்லாத காசு புழங்கியது. மண்வீடுகள் கல்வீடுகளாயின. கல்வீடு வந்தபிறகு உத்தியோக மாப்பிள்ளை வராமல் இருக்கலாமா? முன்பெல்லாம் தோட்டக்காரன் வீட்டு முற்றத்தில் செருப்பைக் கழற்றவே யோசித்த கிளாக்கர்மார், இப்போது அதே வீட்டுக் கதிரையில் சாய்ந்திருந்து தேத்தண்ணி குடித்தபடி, இந்தமுறை எத்தனை ஆயிரம் மிளகாய்க் கன்று நட்டிருக்கிறீர்கள் என்று அக்கறையோடு விசாரித்தார்கள்.

மிளகாய்க்குச் சாத்திய கதவால் மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகங்களும் வரவில்லை. கந்தப்பர் அதைப்பற்றிக் கவலைப்படவில்லை. வண்டியைப் பராமரிக்கத் தன்னைப்போல் ஒருவன் கிடையாது என்பது அவர் நம்பிக்கை. பராமரிப்பு என்றால் அவருக்கு ஒன்றுதான் தெரியும்: இறுக்குவது. சனிக்கிழமை எண்ணெய் வைத்து முழுகி, ஆட்டிறைச்சிக் கறியோடு சாப்பிட்டு, ஒரு ஸ்பனரை எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வருவார். கண்ணில் பட்ட நட்டுக்கெல்லாம் இன்னும் ஒரு முறுக்கு.

"நட்டையும் சம்பந்தியையும் இறுக்கித்தான் பிடிக்கவேணும்," என்பார். "விட்டா ரண்டும் கழண்டு போடும்."

வண்டி நோயில் விழுந்தது அந்த ஆண்டு பங்குனியில். ஓடும்போது ஒரு குறையுமில்லை. செம்மணி வெளியில் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். நிறுத்தினால்தான் வினை. இஞ்சின் ஒருமுறை எழும்பும், ஒருமுறை தாழும், நெஞ்சுச்சளிக்காரன்போல் இருமும், பிறகு பெற்றோலும் காற்றும் கலக்கிற காபரேற்றர் வழியாகப் பெரிதாக ஒரு தும்மல் தும்மிவிட்டு அணைந்துவிடும். கந்தப்பர் இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உதைப்பார். முதல் உதையில் கிளம்பாது. மூன்றாம் நான்காம் உதையில் சால்வை நழுவும். இதையெல்லாம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கிறவர்களும் பார்ப்பார்கள்.

கொழும்புத்துறையில் ஒரு வீட்டு வாசலில் அது தும்மியபோது பெண்ணின் தாய் உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்.

"மனிசன் தும்மினாலே நல்ல காரியம் கதைக்கக் கூடாது. உது இரும்பு தும்முது. இண்டைக்கு வேண்டாமெண்டு அவரைப் போகச் சொல்லுங்கோ."

அந்தச் சம்பந்தம் அதோடு சரி. அடுத்து அரியாலையிலேயே ஒன்று தும்மலில் போனது. சைக்கிள் புறோக்கர் ஏரம்பு கடைவாசலில் நின்று பேசியது கந்தப்பரின் காதுக்கு வந்தது.

"என்ரை வாகனத்துக்குத் தடிமன் பிடிக்கிறேல்லை. ஏனெண்டால் அதுக்கு மூக்கில்லை."

கந்தப்பர் வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். முதலில் வந்தவர் பக்கத்து வீட்டு விஞ்ஞான மாஸ்டர். அவர் மோட்டார் சைக்கிள் ஓடியவரல்ல. ஆனால் இஞ்சின் எப்படி ஓடுகிறது என்பதைப் பதினெட்டு வருடமாகக் கரும்பலகையில் கீறிக் காட்டியவர். கந்தப்பர் வீட்டுச் சுவரிலும் கரியால் ஒரு சிலிண்டரைக் கீறி, பிஸ்டனின் நான்கு வீச்சுகளையும் விளங்கப்படுத்தி, பிளக்குகளைக் கழற்றி மண்கடதாசியால் தேய்த்துத் திரும்பப் பூட்டினார். வண்டி முன்னரைப் போலவே தும்மியது. "தியரிப்படி இது தும்ம ஏலாது," என்று சொல்லிவிட்டு மாஸ்டர் வீட்டுக்குப் போனார்.

அடுத்தது சாத்திரியார். அவர்தான் கந்தப்பருக்கு வழக்கமாகச் சாதகம் எழுதிக் கொடுப்பவர். கந்தப்பரின் தொழிலில் சாதகம் என்றால் பழைய ஓலையைப் பிரதி பண்ணுவது மட்டுமல்ல. பெண்ணுக்கு வயது கூடிவிட்டதென்றால் சாத்திரியார் கிரகங்களை நாலைந்து வருடம் முன்னுக்குத் தள்ளி வைத்துப் புதுச் சாதகம் எழுதுவார். கிரகங்களும் மறுப்புச் சொல்வதில்லை.

"வண்டி பிறந்த திகதி என்ன?" என்று சாத்திரியார் கேட்டார்.

"துரைக்குத்தான் தெரியும்."

"அப்ப நாங்களே ஒரு நாளை வைப்பம்," என்று சொல்லி, வண்டிக்கு நல்ல நட்சத்திரத்தில் ஒரு பிறந்தநாளை வைத்து, அதற்குச் சனி நடக்கிறது என்று கண்டுபிடித்து, சில்லுக்கடியில் தேசிக்காய் வைத்து நசிக்கச் சொன்னார். தேசிக்காய் நசிந்தது.

மூன்றாவதாகக் கந்தப்பர் கொழும்புத்துறை நீக்கிலாப்பிள்ளையிடம் போனார். நீக்கிலாப்பிள்ளை மீன்பிடி வள்ளங்களின் மோட்டார் திருத்துகிறவர். கடலில் ஓடுகிற இயந்திரம் எல்லாம் தன்னைக் கேட்டுத்தான் ஓடுகிறது என்று நினைப்பவர். அவர் வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பெற்றோலை விரலில் தொட்டு மணந்து பார்த்தார்.

"கந்தப்பண்ணை, பெற்றோலுக்கை மண்ணெண்ணெய் கலந்திருக்கு."

புதுப் பெற்றோல் விட்டார்கள். தும்மியது.

"அப்ப காபரேற்றருக்கை ஊத்தை."

காபரேற்றரைக் கழற்றிக் கழுவினார்கள். கந்தப்பர் தன் கையாலேயே அதைத் திரும்பப் பூட்டி, இரண்டு நட்டையும் உயிர்போக இறுக்கினார். வண்டி முன்னரைவிடப் பலமாகத் தும்மியது.

நீக்கிலாப்பிள்ளை தலையைச் சொறிந்தார். தெரியாது என்று சொல்லும் பழக்கம் அவரிடமும் இல்லை. ஒரு சின்னத் திருகாணியை நன்றாக உள்ளே திருகி, ஸ்லோவை உயர்த்திவிட்டார். இப்போது இஞ்சின் நின்ற இடத்திலேயே வெறி பிடித்த நாம்பன் மாடு மாதிரி முழங்கியது.

"இனி நிக்காது," என்றார் நீக்கிலாப்பிள்ளை.

"சத்தம் கூடிப்போச்சே?"

"நிக்கிறதிலும் பாக்கச் சத்தம் நல்லதல்லோ அண்ணை?"

கந்தப்பருக்கு அது நியாயமாகப் பட்டது. சத்தம் கூடினால் மதிப்பும் கூடும் என்றும் தோன்றியது. அந்த வாரமே அவருடைய பெரிய சம்பந்தம் ஒன்று முடிவாக இருந்தது.

கைதடியில் தம்பிராசா என்று ஒரு மிளகாய்த் தோட்டக்காரர். அவருடைய ஒரே மகள் செல்வநாயகி பள்ளிக்கூட ஆசிரியை. தாய் நெடுநாள் நோயில் கிடந்து இறந்ததால் கலியாணப் பேச்சு வருடக் கணக்கில் தள்ளிப்போய் அவளுக்கு முப்பத்திரண்டு வயதாகிவிட்டது. கந்தப்பர் அதை இருபத்தாறு ஆக்கினார். சாவகச்சேரியில் தர்மகுலசிங்கம் என்ற அரசாங்கக் கச்சேரிக் கிளாக்கருக்கு முப்பத்தொன்பது. அதை முப்பத்துமூன்று ஆக்கினார். இரண்டு புதுச் சாதகத்தையும் சாத்திரியாரே எழுதி, அவரே பொருத்தமும் பார்த்தார். பத்தில் எட்டுப் பொருத்தம் அமோகமாக இருந்தது. உலகத்தில் இல்லாத இரண்டு பேருக்கு அதற்குமேல் என்ன பொருத்தம் வேண்டும்?

பெண்ணின் தகப்பன் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய் நாள் குறிப்பதென்று ஏற்பாடு. தம்பிராசா பட்டுச் சால்வை போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறினார். அவர் பொய் சொல்லிப் பழகியவரல்ல. அதுதான் கந்தப்பருக்கு வழியெல்லாம் கவலை. வீட்டில் வைத்தே வயதைச் சொல்லிக்கொடுத்திருந்தார். ஆனால் சாவகச்சேரியில் மாப்பிள்ளை வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் அந்தக் கவலை திரும்பவும் வந்துவிட்டது.

வாசலில் மாப்பிள்ளையின் தாய், மாமன், சித்தப்பா, பட்டுவேட்டியோடு மாப்பிள்ளை எல்லோரும் வந்து நின்றார்கள். வேலிக்கு மேலால் அயலட்டைச் சனமும் எட்டிப் பார்த்தது. கந்தப்பர் வழக்கம்போல் இஞ்சினை அணைக்காமல் இருந்தார். அது முழங்கியது. அவர் பின்பக்கம் கழுத்தைத் திருப்பி,

"வயசு கேப்பினம்," என்றார்.

"என்ன?" என்றார் தம்பிராசா.

"வயசு! பிள்ளையின்ரை வயசு!"

"உந்தச் சத்தத்திலை ஒண்டும் கேக்கேல்லை, கந்தப்பர்."

மாப்பிள்ளை வீட்டாருக்கும் கேட்கவில்லை. அவர் ஏதோ பெருமையாகக் கதைக்கிறார் என்று நினைத்துச் சிரித்தபடி நின்றார்கள். கந்தப்பர் மூச்சை இழுத்து, தொண்டை நரம்பு புடைக்க, இஞ்சினுக்கு மேலால் கத்தினார்.

"கேட்டா இருபத்தாறு எண்டு சொல்லுங்கோ!"

அந்த இடத்தில் இஞ்சின் ஒருமுறை இருமி, தும்மி, அணைந்துவிட்டது. கந்தப்பரின் வாய் அணையவில்லை.

"முப்பத்திரண்டு எண்ட உண்மையை உளறிப்போடாதையுங்கோ!"

ஒழுங்கை அப்படியே அமைதியாயிற்று. எங்கோ ஒரு வீட்டில் தேங்காய் துருவுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"முப்பத்திரண்டோ?" என்றார் மாப்பிள்ளையின் தாய்.

கந்தப்பர் திரும்ப உதைத்தார். இஞ்சின் கிளம்பினால் சொன்னது அழிந்துவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. அது கிளம்பவில்லை. தம்பிராசா மெதுவாக இறங்கிச் சால்வையைச் சரிசெய்தார். அவருக்கு முகம் சிவந்திருந்தது. ஆனால் தலையைக் குனியவில்லை.

"ஓம் அம்மா. என்ரை பிள்ளைக்கு முப்பத்திரண்டு. தாயைப் பாத்ததிலை வயசு போட்டுது. உங்கடை மகனுக்கு எத்தினை?"

"முப்பத்துமூண்டு," என்றார் தாய் நிமிர்ந்து நின்று.

வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நெடுநாளைய எல்லைத் தகராறு அவரை விடவில்லை.

"தர்மு என்னோடை வகுப்பிலை ஒரே வாங்கிலை இருந்து படிச்சவன். எனக்கு ஆவணியிலை நாப்பது."

அதற்குப் பிறகு நடந்ததைப் பேச்சுவார்த்தை என்று சொல்ல முடியாது. மாமன் தம்பிராசாவைத் தோட்டக்காரன் என்றார். தம்பிராசா, தான் தோட்டக்காரன் என்று தெரிந்துதானே மிளகாய்க் கன்றை எண்ண வந்தீர்கள் என்றார். இரண்டு பகுதியும் கடைசியில் ஒரு விஷயத்தில் ஒற்றுமைப்பட்டது: எல்லாம் கந்தப்பரின் வேலை. தம்பிராசா பஸ் எடுத்துக் கைதடிக்குப் போனார். கந்தப்பர் வண்டியைச் சந்திவரை தள்ளிக்கொண்டு போனார். அந்த நானூறு இறாத்தல் சாதகங்களும் இரும்பும் அன்றைக்கு முழுப் பாரத்தையும் காட்டின.

வீட்டுக்கு வந்த தகப்பன் நடந்ததைச் சொன்னபோது செல்வநாயகி அழுவாள் என்றுதான் அவர் நினைத்தார். அவள் முதலில் சிரித்தாள். இஞ்சின் நின்ற இடத்தை இரண்டாம்முறை சொல்லச் சொல்லிச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"ஐயா, இனி என்ரை வயசிலை ஆரும் கை வைக்க வேண்டாம். அந்த ஆறு வருசமும் நான் அம்மாவைத் தூக்கிக் குளிப்பாட்டினனான். பகலிலை பள்ளிக்கூடத்திலை நிண்டு படிப்பிச்சனான். அதெல்லாம் நடக்கேல்லை எண்டு எழுதிறதுக்கு அந்தச் சாத்திரியார் ஆர்?"

தம்பிராசா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்து வாய்க்காலில் தண்ணீர் மாறப் போய்விட்டார்.

கந்தப்பரோ தன் பிழையை ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. பொய் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை, பொய் முடியும்வரை இஞ்சின் ஓடாததுதான் பிழை. ஆகவே இஞ்சினைத் திருத்தவேண்டும். நீக்கிலாப்பிள்ளையையும் மாஸ்டரையும் அழைத்து முற்றத்தில் வண்டியை நிறுத்தி, முழங்கவிட்டு, மூன்று பேரும் சுற்றி நின்று வாதாடினார்கள். மாஸ்டர் வால்வு என்றார். நீக்கிலாப்பிள்ளை கொயில் என்றார். கந்தப்பர் இரண்டையும் இறுக்கலாமா என்று கேட்டார்.

முற்றத்தின் மறுபக்கத்தில் கந்தப்பரின் மனைவி கனகாம்பிகை பாயில் அவித்த பனங்கிழங்கைப் புழுக்கொடியலுக்காகக் காயப் போட்டிருந்தார். சைலன்சர் ஊதிய புழுதி முழுவதும் அந்தப் பாயில்தான் போய்ப் படிந்தது. அவர் குசினி வாசலில் நின்று இரண்டு தரம் கூப்பிட்டார். இஞ்சின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. மூன்றாம்முறை அவர் கூப்பிடவில்லை. வாளியிலிருந்து ஒரு செம்புத் தண்ணீரை அள்ளிக்கொண்டு வந்து இஞ்சினுக்கு மேல் வீசி ஊற்றினார்.

"ஐயோ, சிலிண்டர் வெடிக்கப் போகுது!" என்று நீக்கிலாப்பிள்ளை பின்னால் பாய்ந்தார்.

சிலிண்டர் வெடிக்கவில்லை. ஆவி எழும்பியது. அதோடு, முழங்கிக்கொண்டிருந்த இஞ்சினின் இருமலும் ஏற்ற இறக்கமும் நின்று, அது சில மூச்சு நேரம் அழகாக ஒரே தாளத்தில் ஓடியது. பிறகு பழையபடி இருமத் தொடங்கியது.

மூன்று ஆண்களும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"சூடு தணிஞ்சிருக்கு," என்றார் மாஸ்டர்.

"நீர் உள்ளுக்கைப் போம்," என்றார் கந்தப்பர் மனைவியிடம்.

கனகாம்பிகை உள்ளே போகவில்லை. அவருக்கு இஞ்சினைப்பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் தான் ஊற்றிய தண்ணீருக்கு ஒரு பலன் இருந்ததை அவர் கண்டுவிட்டார். அந்த வீட்டில் அவர் செய்த காரியத்துக்கு உடனே பலன் கிடைத்தது அபூர்வம். இன்னொரு செம்பு கொண்டுவந்து மேல்பக்கத்தில் ஊற்றினார். ஒன்றும் நடக்கவில்லை. காபரேற்றர் சிலிண்டரோடு சேருகிற பொருத்தில் ஊற்றினார். இஞ்சின் சாந்தமாயிற்று.

"இஞ்சாருங்கோ, இதிலை ஊத்தினா மட்டுந்தான் அடங்குது. உதுக்குள்ளை எங்கையோ ஓட்டை. பானை வெடிப்பிலை மாப் பூசினா ஒழுக்கு நிக்கிற மாதிரித் தண்ணி பட்டவுடனை அடைபடுது. பிறகு காயத் திறக்குது."

"காத்து இழுக்குது!" என்று மாஸ்டர் கத்தினார். "எரிபொருளுக்குள்ளை காத்துக் கூடிப்போச்சு! நான் அண்டைக்கே சுவரிலை கீறினனான்!"

"நானும் உதைத்தான் சந்தேகப்பட்டனான்," என்றார் நீக்கிலாப்பிள்ளை.

காபரேற்றரைக் கழற்றி, அது பொருந்துகிற முகத்தின்மேல் ஒரு கத்தியின் விளிம்பை வைத்துப் பார்த்தார்கள். இரண்டு ஓரமும் கத்தியில் முட்டின, நடு மட்டும் விலகி நின்றது. அலுமினியம் வளைந்துபோயிருந்தது. இரண்டு பக்க நட்டையும் அளவுக்குமேல் இறுக்கி இறுக்கி, ஓரங்கள் சிலிண்டர்ப் பக்கம் இழுபட்டு முகம் வில்லாகியிருந்தது. அந்த இடுக்கால் காற்றுப் புகுந்திருக்கிறது. வேகமாக ஓடும்போது அந்தக் கொஞ்சக் காற்று ஒரு பொருட்டல்ல. மெதுவாக ஓடும்போதுதான் இஞ்சினின் தொண்டையைப் பிடித்திருக்கிறது.

"ஆர் உதை இப்பிடி இறுக்கினது?" என்று கேட்டார் கனகாம்பிகை.

"அந்தத் துரையாய்த்தான் இருக்கும்," என்றார் கந்தப்பர்.

நீக்கிலாப்பிள்ளை ஒரு கண்ணாடித் துண்டில் மண்கடதாசியை விரித்து, அந்த முகத்தை அதன்மேல் வைத்துத் தேய்த்துத் தேய்த்து மட்டமாக்கினார். காற்றுப் புகாமல் நடுவில் வைப்பதற்குப் புதுக் கசற் நாட்டில் கிடையாது. தடித்த கடதாசி வேண்டுமென்றார். கந்தப்பர் உள்ளே போய், சம்பந்தம் முறிந்துபோன ஒரு வீட்டுக்கு அடித்து மிஞ்சிய கலியாண அழைப்புக் காட்டொன்றைக் கொண்டுவந்தார். அதில் மணமகனின் பெயர் இருந்த பக்கத்தை வெட்டிக் கிறீஸ் பூசிப் பூட்டினார்கள். நட்டை இறுக்குவதற்குக் கந்தப்பர் கை நீட்டியபோது கனகாம்பிகை ஸ்பனரை எடுத்து நீக்கிலாப்பிள்ளையின் கையில் கொடுத்தார்.

உயர்த்திய திருகாணியைத் திரும்பவும் தாழ்த்தினார்கள். வண்டி ஓடியது. பழைய தாளம். இல்லை, பழையதைவிட மெத்தென்ற தாளம். கந்தப்பருக்குக் கண் கலங்கியது. சால்வையை எடுத்துப் போட்டுக்கொண்டு அப்போதே கைதடிக்குப் புறப்பட்டார். முறிந்த சம்பந்தத்தைத் திரும்பப் பொருத்தவேண்டும். சாவகச்சேரியாரைச் சமாளிக்க வழியெல்லாம் இரண்டு புதுப் பொய்களைத் தயாரித்துக்கொண்டு போனார்.

தம்பிராசா வீட்டு வாசலில் நிறுத்தி, இருக்கையில் நிமிர்ந்து அமர்ந்து இஞ்சினை ஓடவிட்டார். யாரும் வெளியே வரவில்லை. இன்னும் கொஞ்சம் இருந்தார். எதிர்வீட்டுக்காரி ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள். இஞ்சின் அவ்வளவு சாந்தமாக ஓடியது. அப்போதுதான் வேலியோரம் சாத்தியிருந்த சைக்கிளைக் கண்டார். ஏரம்புவின் சைக்கிள்.

வேறு வழியில்லாமல் ஹோர்னை அடித்தார். செல்வநாயகி வெளியே வந்தாள்.

"ஆர், கந்தப்பரோ? எப்ப வந்தனீங்கள்? சத்தமே கேக்கேல்லை."

கந்தப்பருடைய தொழில் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய அவமானச் சொல்லை யாரும் சொன்னதில்லை.

"உதை நிப்பாட்டிப்போட்டு உள்ளுக்கை வாங்கோ. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்."

உள்ளே ஏரம்பு பயத்தம் பணியாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் தம்பிராசா. எதிர்க்கதிரையில் தர்மகுலசிங்கம், தாயில்லாமல், தலை கொஞ்சம் வழுக்கையாக, தன் சரியான வயதோடு அமர்ந்திருந்தார். நடந்தது இதுதான். ஒழுங்கை முழுக்க உண்மை தெரிந்துவிட்டபிறகு மறைக்க ஒன்றும் மிஞ்சவில்லை என்று மாப்பிள்ளைக்குத் தோன்றியிருக்கிறது. அவரே ஏரம்புவைப் பிடித்து, அந்தப் பிள்ளையையே கேட்டுப்பாரும், சாதகம் ஒன்றும் கொண்டுபோகவேண்டாம் என்று அனுப்பியிருக்கிறார். செல்வநாயகி, வரட்டும், நேரிலே கதைப்பம் என்றிருக்கிறாள். அன்றைக்கு நாள் குறித்தாயிற்று.

கந்தப்பர் கதிரையில் இருந்தார். தேத்தண்ணி வந்தது. ஒரு மிடறு குடித்தார். தொண்டையைச் செருமினார்.

"தம்பிராசா அண்ணை, அண்டைக்கு இஞ்சின் தானாய் நிண்டதெண்டோ நினைச்சியள்? நான்தான் நிப்பாட்டினனான். பொய்யிலை ஒரு கலியாணம் தொடங்கப்படாது எண்டு என்ரை மனச்சாட்சி குத்தினது."

ஏரம்புவுக்குப் பணியாரம் புரையேறியது. தம்பிராசா முகட்டைப் பார்த்தார்.

"அப்ப பொய்ச் சாதகம் எழுதுவிச்சது ஆற்றை மனச்சாட்சி?" என்று கேட்டாள் செல்வநாயகி.

"பிள்ளை, தேத்தண்ணிக்குச் சீனி காணாது," என்றார் கந்தப்பர்.

கலியாணம் ஆவணியில் நடந்தது. மாப்பிள்ளையின் தாய் கடைசிவரை வரமாட்டேன் என்று நின்று, கடைசி நாளில் எல்லோருக்கும் முதல் வந்து முன்வரிசையில் இருந்தார். தரகு ஏரம்புவுக்குப் போனது. கந்தப்பருக்குப் பெயர் வந்தது. இஞ்சினைத் தானே நிறுத்திய கதையை அவர் போகிற இடமெல்லாம் சொன்னார். முதலில் சிரித்தவர்கள் பிறகு நம்பினார்கள். சொல்கிறவன் சளைக்காவிட்டால் ஊர் ஒருநாள் களைத்துப்போய் நம்பிவிடும். மகளின் வயதை மறைக்கிற தகப்பன்மார்கூட, "கந்தப்பர் நேர்மையான ஆள், அவரைக் கொண்டு பேசினால் மற்றப் பகுதி சந்தேகப்படாது" என்று அவரையே தேடி வந்தார்கள். அவரும் அதற்கேற்பத் திருந்தினார். முன்பு ஆறு வயது குறைத்தவர் இப்போது நாலுதான் குறைத்தார்.

எழுபத்தேழில் அரசாங்கம் மாறிக் கதவு திறந்தது. வெளிநாட்டு மிளகாய் வந்தது, தோட்டக்காரரின் மேல்மாடிக் கனவு பாதிக் கம்பியோடு நின்றது. யப்பான் மோட்டார் சைக்கிள்கள் வந்தன. பள்ளிக்கூடப் பொடியன்கள்கூட அவற்றை ஓடித் திரிந்தார்கள். ஒழுங்கையில் ஒரு இஞ்சின் நின்றால் யாரும் அடுப்பை விட்டு எழும்புவதில்லை. மாப்பிள்ளைமாரும் லண்டனுக்கும் ஜெர்மனிக்கும் போய், அங்கேயிருந்து பனிக்குள் நின்று எடுத்த படங்களாக வந்தார்கள். வயதை விசாரிக்க அங்கே எட்டிப் பார்க்கிற வேலியில்லை. புறோக்கருக்கு அதைவிட வசதியான காலம் கிடையாதுதான். ஆனால் அதற்குள் கந்தப்பருக்கு முழங்கால் உதைக்க மறுத்துவிட்டது.

செல்வநாயகியும் தர்மகுலசிங்கமும் கைதடியில் இருந்தார்கள். அவர்களுக்கு ஒரு மகள். மற்றத் தம்பதிகள் எவ்வளவு சண்டை பிடிப்பார்களோ அவ்வளவு பிடித்தார்கள், வயதைப்பற்றி மட்டும் இல்லை. செல்வநாயகி பின்னாளில் அதிபரானாள்.

எண்பத்தோராம் ஆண்டு மாசியில் பருத்தித்துறையிலிருந்து வீடு கட்டுகிற ஒரு கொந்தராத்துக்காரர் வந்து மோட்டார் சைக்கிளை வாங்கினார். பொடியன் ஒருவன் உதைத்துக் கொடுக்கக் கந்தப்பரே அதைப் பருத்தித்துறைவரை ஓடிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு, பஸ்ஸில் நின்றபடி திரும்பி வந்தார். அன்று இரவு அவர் சாப்பாட்டில் குறை வைக்கவில்லை. வண்டி நின்ற கொட்டிலைக் கனகாம்பிகை கூட்டி, மெழுகி, ஒரு பசுவை வாங்கிக் கட்டினார்.